பொன்னுதுரை செய்த கட்டில்

பொன்னுதுரை என்ற பேரை அலமேலு முதன்முதலில் கேட்டது செமாபோக்கில், தன் வீட்டுக் குழாயடியில். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்து ஆறேழு மாதம் இருக்கும். மகன் கருணாகரனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த நேரம். தரகு பேசும் அஞ்சலை, தூக்கிய வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

“காஜா பேராங்ல பொன்னுதுரைன்னு ஒருத்தரு. பாலம், படகுத்துறை கட்டுற ஆசாரி. ஒரே பொண்ணு, கமலவேணி. சீருக்குப் பெலியான் மரத்துல கட்டில் செய்றாராம்க்கா.”

பெலியான் என்றதும் அலமேலுவுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. போர்னியோவிலிருந்து கப்பலில் வரும் மரம். தண்ணீரில் போட்டால் கல் மாதிரி முங்கும். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கரையான் மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அலமேலுவின் சொந்தக் கலியாணக் கட்டிலையோ கரையான் அரித்து, ஒருநாள் புருஷனோடு தரையில் விழுந்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே நாத்தனார் சாரதாம்பாள் கிழவியாகிவிட்டாள். அந்த வாயை அடைக்க இதுதான் வழி என்று, பரிசம் போட்ட சபையிலேயே அலமேலு வார்த்தையை விட்டாள்:

“கட்டில் எங்க வீட்டுக்கு வந்தப்புறந்தான் மருமக படியேறணும்!”

தாலி கட்டி முடிந்த கையோடு, லோரியும் எட்டு ஆளுமாகக் காஜா பேராங்கில் போய் இறங்கினாள். முன்கூடத்தில், செய்த இடத்திலேயே கட்டில் நின்றது. ஒவ்வொரு காலும் படகுத்துறைத் தூண். எட்டுப் பேரும் முக்கி முனகித் தூக்க, அது வாசலில் இடித்துக்கொண்டு நின்றது. பின்வாசல் இன்னும் குறுகல். சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“கழட்டிக் குடுங்க சம்பந்தி.”

“முளையடிச்சு இறுக்கியிருக்கேன் சம்பந்தியம்மா. கடலே வந்து இழுத்தாலும் வராது லா.”

“அப்ப அறுங்க!”

அறுத்தார்கள். ரம்பத்துக்குப் பல் போனது.

“நிலைய இடிங்க!”

“அதுவும் பெலியான்தான்,” என்றார் பொன்னுதுரை, கொஞ்சம் பெருமையாகவே.

“வாசல அளந்து பாக்க மாட்டீங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார். “நான் கட்டுனத இதுவரைக்கும் யாரும் நகத்தச் சொன்னதில்லீங்களே.”

சாரதாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். “அண்ணி, சபையில சொன்னது சொன்னதுதானே?”

“ஆமா, சொன்னா சொன்னதுதான்!” அலமேலு கத்திவிட்டாள்.

“அப்ப கட்டில் வர்ற வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கிறேன்மா,” என்றான் கருணாகரன். வருத்தப்படுகிறவன் முகம் அப்படி இருக்காது.

லோரி வெறும் பாயும் தலையணையுமாகத் திரும்பியது. அதன்பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அலமேலு பஸ் ஏறிக் காஜா பேராங்குக்கு வருவாள். “கட்டில் கொஞ்சமாவது இளைச்சிருக்கா சம்பந்தி?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவாள். கமலவேணி முதல் பிள்ளை பெற்றபோது, துணைக்கு வந்து அதே கட்டிலில் படுத்தாள். புரண்டு பார்த்தாள். ஒரு முனகல் இல்லை. மறுநாளே செமாபோக் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சாரதாம்பாளிடம் கொடுத்தாள்.

நாற்பது வருஷம் ஓடி, பொன்னுதுரைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காஜா பேராங்கில் அதே வீட்டில்தான் இருக்கிறார். வாசலை அடைத்துக் கட்டில் கிடப்பதால், பின்பக்கமாகப் போய்க் கூப்பிட வேண்டும்.