சாமி சொம்பில் வந்த தண்ணீர்

யாருக்கு நல்லது வேண்டினாலும் அம்புஜவல்லி அக்கா சாமி வெள்ளிச் சொம்பைத்தான் எடுப்பார். மருமகள் மாசமாக இருந்தாள். வீட்டு போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்குமோ என்ற பயத்தில், அந்தச் சொம்பிலேயே தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். துணைக்கு நானும் போனேன்.

கூடத்தில் இருந்த இளமதி, பேனா போன்ற மின்முனையைத் தண்ணீரில் விட்டாள். கருவியில் ஒன்றுக்குள் நிற்கவேண்டிய ஃப்ளோரைடு எண் மூன்றைத் தாண்டியது. அக்கா, “பழமலைநாதா!” என்று கண் கலங்கினார்.

இளமதி சொம்பைத் திருப்பிப் பார்த்தாள். பூவேலைக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

“எதால தேச்சீங்கம்மா?”

“பல்லு பேஸ்ட்டாலதாம்மா. அப்பதான் வெள்ளி பளபளன்னு இருக்கும்.”

“பேஸ்ட்டுலயே ஃப்ளோரைடு இருக்குதுங்க. சாமிக்குப் பல்லு வெளக்கிவுட்டுட்டீங்க போல! பிளாஸ்டிக் பாட்டில்ல புடிச்சிட்டு வாங்க.”

மறுநாள் பாட்டில் தண்ணீரில் எண் அரையிலேயே நின்றது. அக்கா அங்கிருந்தே மருமகளுக்குப் போன் போட்டார்.

“நம்ம வூட்டுத் தண்ணியே குடிம்மா. வயிறு நெறய குடி.”