தேவராஜ் குடிப்பதில்லை

குடியைத் தொட்டே அறியாத ஒரு மனிதரை நான் குடிகாரர் ஆக்கினேன். பாட்டில் வாங்கிக் கொடுத்து அல்ல. ஒன்றரைப் பக்கத்தில், நீல மையில், ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாத தமிழில்.

அதையும் அவர் பெற்ற பெண்ணின் கையாலேயே எழுத வைத்தேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் நான் வேடிக்கை மட்டுமே பேசுவது வழக்கம். பத்திரிகைகளில் இருபது வருடமாகச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன். என் வழுக்கை, என் சர்க்கரை வியாதி, ஓடுகிற ரயிலில் நான் ஒற்றைச் செருப்பைத் தவறவிட்டது... எதையும் விட்டுவைத்ததில்லை. இதையும் வேடிக்கையாக எழுதிவிட முடியுமா என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். அப்படி உட்கார்ந்ததையும் என் குற்றங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியன். கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது பள்ளி. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் நெல் வயல், முன்பக்கம் திறந்தால் தொழிற்சாலைப் புகை. நாங்கள் இரண்டையும் சாத்தியே வைத்திருப்போம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதை ஒதுக்கிய கூட்டத்துக்கு நான் போகவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. எந்தக் கல்லூரியில் என்ன படிப்பு, எந்த நுழைவுத் தேர்வு எப்போது, கோடை விடுமுறைப் பயிற்சி முகாம் எங்கே என்று தேடிச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டும்.

சலித்துக்கொண்டு தொடங்கினேன். ஆனால் சீக்கிரமே புரிந்தது, பதினோராம் வகுப்பில் பிடித்தால்தான் உண்டு. பத்தாவதின் பயம் விலகி, பன்னிரண்டாவதின் பயம் வந்து சேராத வருடம் அது. அதற்குள் ஒரு வழி காட்டாவிட்டால் பையன்கள் சிப்காட் வாசலில் ஒப்பந்த வேலைக்கு நிற்பார்கள். பெண்கள் விடியற்காலைக் கம்பெனிப் பேருந்தில் ஏறிவிடுவார்கள். ஏறியவர்கள் யாரும் திரும்பி வந்து படித்து நான் பார்த்ததில்லை.

சென்னையில் ஓர் அறக்கட்டளை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அரசுப் பள்ளிகளிலிருந்து சில பிளஸ் ஒன் மாணவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வார இறுதி வகுப்பு, கோடையில் ஒரு மாதம் தங்கிப் படிப்பு, பிறகு கல்லூரி முடிகிறவரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பத்தோடு ‘என்னைப் பற்றி’ என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். மாணவரே எழுத வேண்டும்.

முதல் வருடம் பிள்ளைகள் எழுதியதை எழுதியபடியே அனுப்பினேன். எனக்குக் கிரிக்கெட் பிடிக்கும், பிரியாணி பிடிக்கும், ஐ.ஏ.எஸ். ஆவேன். ஒருவரும் தேறவில்லை. அடுத்த வருடம் ஒரு பையன் தேறினான். அவனுக்கு அப்பா இல்லை.

நான் படித்தவன் அல்லவா! உடனே புரிந்துகொண்டேன். மூன்றாம் வருடத்திலிருந்து கட்டுரைகளில் கை வைக்கத் தொடங்கினேன். ஆசிரியர் அறையில் அதற்கு ‘மெருகு போடுவது’ என்று பெயர். தலைமையாசிரியை என்னைக் கண்டால், ஐயா, மெருகு போட்டாச்சா என்றுதான் கேட்பார். ஓட்டு வீடு குடிசையாகும். இருமிய அம்மா படுத்த படுக்கையாவாள். நான் மெருகு போட்டு அனுப்பிய பிள்ளைகளில் ஆண்டுக்கு இரண்டு பேராவது தேறினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று நன்றாக இருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன்? உங்கள் தலை கொஞ்சம் அசையாதா என்றுதான்... வேண்டாம், அசைக்காதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் எஸ்தர் வந்தாள். அவள் அப்பா தேவராஜுக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஒப்பந்த வேலை. அவருடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் பதினோராம் வகுப்புவரை வந்த முதல் ஆள் எஸ்தர். அப்பாவை அவள் நைனா என்று கூப்பிடுவாள்.

அவள் எழுதிய கட்டுரை முழுக்க நைனாதான். உலையிலிருந்து வரும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடுவாராம். கருவி பழுதான நாளில் இன்ஜினீயரே அவரைத் தேடி வந்து கேட்பாராம். ஏன் இரும்பு முதலில் சிவந்து பிறகு மஞ்சளாகிறது, நைனாவுக்குத் தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை, அந்தக் காரணத்தை நான் படித்து வந்து அவருக்குச் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தாள்.

நன்றாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருடத்தில் நான் எழுதிய எதைவிடவும் நன்றாக இருந்தது.

பிறகு ஏன் அதை எடுத்து ஓரமாக வைத்தேன்? அழுகை இல்லாத கட்டுரை தேறாது என்ற பயமா? ஒரு பதினாறு வயதுப் பெண் என்னைவிட நன்றாக எழுதிவிட்டாளே என்ற எரிச்சலா? இரண்டில் எது என்று இன்றுவரை எனக்கே நான் பதில் சொல்லிக்கொள்ளவில்லை.

இதில் கஷ்டமே இல்லையே என்றேன். மழை பெய்தால் ஊடு ஒழுகும் ஐயா என்றாள். அது போதாது என்று சொல்லிவிட்டு, மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதினேன். குடித்துவிட்டு வரும் அப்பா. தெருமுனையில் அவர் குரல் கேட்டதுமே புத்தகத்தை மூடி ஒளித்துவைக்கும் மகள். சுவரில் ஆணி. ஆணியில் தொங்கும் பெல்ட். ‘அது ஆணியில் இல்லாத பொழுதுகளில் எனக்குப் பாடம் ஏறுவதில்லை’ என்று ஒரு வரி. எழுதியதும் சாப்பாட்டை மறந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் படித்தாள். நின்றுகொண்டே இருந்தாள்.

“எங்க நைனா குடிக்க மாட்டாருய்யா.”

“தெரியும்மா. இது உங்க நைனா இல்ல. கட்டுரைல வர்ற ஒரு அப்பா. யாரு வந்து பாக்கப் போறாங்க.”

“பெல்ட்ட மட்டும் எடுத்துடலாமாய்யா?”

முடியாது என்றேன். பெல்ட்டில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். ஐந்து நிமிடம் விளக்கினேன்! அவள் தன் கையெழுத்தில் நகலெடுத்துக் கொடுத்தாள்.

தேறினாள். எங்கள் பள்ளியில் அவளோடு இன்னும் இரண்டு பேர்.

திருவள்ளூரில் ஒரு மண்டபத்தில் விழா வைத்தார்கள். பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். வேனில் போனோம். தேவராஜ் ஆலையில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மண்டபத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எல்லாரும் முன்வரிசையில்.

அந்த அறக்கட்டளைக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த வருடத்துக் கட்டுரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெயர் சொல்லாமல் மேடையில் வாசிப்பார்கள். வாசித்து முடித்த பிறகுதான் எழுதியவரை மேலே அழைப்பார்கள். இந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். முந்தைய விழாக்களில் என் எழுத்து வாசிக்கப்பட்டு நானே கேட்டிருக்கிறேன்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து தடுத்திருக்கலாம். வாங்க ஒரு டீ குடிச்சிட்டு வரலாம் என்று தேவராஜை வெளியே அழைத்துப் போயிருக்கலாம். நான் செய்ததைச் சொல்கிறேன்... கூட்டத்தின் முகங்களைப் பார்த்தேன். பெல்ட் வரி வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவுதான் நான்.

தேவராஜ் என் பக்கம் சாய்ந்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

“எந்தப் பாவி பெத்த புள்ளயோ சார். இப்டியும் ஒரு அப்பன் இருப்பானா.”

மேடையில் எஸ்தரின் பெயரைச் சொன்னார்கள். மகள் பெயர் காதில் விழுந்த வேகத்தில் அவர் கை தட்டத் தொடங்கிவிட்டார். மூன்று தட்டுகள். நான்காவது தட்டுக்கு விரிந்த கைகள் சேரவில்லை.

நான் மண்டபத்தின் பின்பக்கம் போய் எஸ்தரைப் பிடித்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகையைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. ஐயாதான் எழுதினார் என்று யாரிடமாவது சொன்னால் உன் இடம் போய்விடும், கூட வந்த இரண்டு பேர் இடமும் போய்விடும், நைனாவிடம் சொன்னால் ஆலை முழுக்கப் பரவி எப்படியும் அவர்கள் காதுக்குப் போகும் என்றேன். சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பெரியபாளையத்தில் வேன் நின்றது. டீக்கடை ஓரமாக வந்து தேவராஜ் மெதுவாகக் கேட்டார்.

“சார், இத எம்பொண்ணா எழுதுச்சி?”

“ஆமா.”

“அனுப்பறதுக்கு மின்னாடி நீங்க படிச்சிப் பாக்கலியா?”

“பாக்கக் கூடாதுங்க. பசங்களே எழுதணும், நாங்க கை வெக்கக் கூடாதுன்னு ரூல்.”

அந்த ‘ரூல்’ என்ற சொல்லை நான் எவ்வளவு இயல்பாகச் சொன்னேன் என்பது எனக்கு இப்போதும் கேட்கிறது.

வீட்டில் அவளிடமும் கேட்டிருக்கிறார். நான் குடித்து நீ எப்போது பார்த்தாய் என்று. சும்மாதான் எழுதினேன் நைனா என்று சொல்லியிருக்கிறாள். வாக்கைக் காப்பாற்றினாள். என் மாணவர்களில் என் சொல்லை அப்படியே கேட்டவள் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

விழாவுக்கு வந்திருந்த இன்னொரு பையனின் அப்பாவும் அதே ஆலையில் வேலை செய்பவர். இரண்டே நாளில் கதை அங்கே போய்விட்டது. இன்னா தேவராசு, நேத்து எத்தினி கோட்டரு, புள்ளய இன்னாத்துல அட்ச்ச என்று ஷிப்ட் மாறும்போது கேட்பார்களாம். அவர் பெல்ட் கட்டுவதை விட்டுவிட்டார். தொளதொளத்த பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போவதை நானே பார்த்தேன். பார்த்ததும் எதிர்ச் சந்துக்குள் திரும்பினேன். அந்தச் சந்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

எஸ்தர் இப்போது சென்னையில் கல்லூரி இரண்டாம் வருடம். படிப்பது வணிகவியல். சேர்க்கைப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். வேறு ஏதாவது போடட்டுமா என்று கேட்டேன். இதுவே போதும்யா என்றாள்.

நான்கு மாதத்துக்கு முன், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில், காலையில், தேவராஜ் என்னைத் தேடி வந்தார். மகள் லீவுக்கு வருவதே அபூர்வம், போனில் சாப்டியா சாப்டியா என்பதைத் தாண்டிப் பேச்சு ஓடுவதில்லை என்றார். ஒரு கடிதம் எழுத வேண்டும். அவருக்கு வாசிக்க வரும், எழுதக் கை வராது. நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றார்.

“அது கண்ணுக்கு நான் எப்டியோ தெரிஞ்சிக்கீறேன் சார். ஒரு நாளு கோவத்துல கத்தியிருப்பேன். பெல்ட்ட கயட்டி மாட்டும்போது பயந்துருக்கும். நான் இன்னா பண்ணேன்னு எனுக்குத் தெர்ல. ஆனா மன்னிச்சிருன்னு எழுதுங்க.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவள் இடம் போய்விடும் என்ற சாக்கு எப்போதோ செத்துவிட்டது. அவள் படிப்பைப் பாதியில் யாரும் நிறுத்தப் போவதில்லை. மிச்சம் இருந்தது என் முகம் மட்டும்தான்.

பேனாவை எடுத்தேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அவர் சொன்ன நாலு வரி இரண்டு பக்கமானது. என்ன செய்வது, கை அப்படிப் பழகிவிட்டது... வாசித்துக் காட்டினேன். நல்லா கீது சார் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் எஸ்தர் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

“லெட்டர் வந்துச்சிய்யா. இது நீங்க எழுதுனது.”

ஆமாம் என்றேன்.

“நைனா இன்னா சொன்னாரு? அவரு சொன்னத மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். அந்த நாலு வரியும் எனக்கு அப்படியே நினைவிருந்தது.

“அவருகிட்ட நீங்க சொல்லிட்டீங்களாய்யா?”

இன்னும் இல்லை என்றேன்.

“என்னிக்காவது நீங்களே சொல்வீங்கன்னுதான்யா நான் சொல்லாம கீறேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

அதன் பிறகு தேவராஜை எத்தனையோ காலைகளில் அதே பிளாட்பாரத்தில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் படியேறுகிறேன். வணக்கம் சார் என்பார். எனக்கு வாய் திறக்கும், வணக்கம் மட்டும் வரும்.

நேற்று அவர் என் அருகே வந்து உட்கார்ந்தார். பதிலே வரவில்லை சார், நாம எழுதினது அதுக்கு மனசுல படலியோ என்று கேட்டார். இன்னொரு தபா எழுதலாமா என்றார். கையில் வெள்ளைத் தாள் தயாராகக் கொண்டுவந்திருந்தார்.

எழுதிக் கொடுத்தேன்.