யானைக்கால் மாத்திரையும் ஒரு நல்ல காய்ச்சலும்

மரக்காணத்து உப்பளத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி முடித்த பிறகுதான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்போம். அதுவரை வெறும் டீதான். நடுவில் யார் "சாப்ட்டியா?" என்று கேட்டாலும் "ஆச்சு" என்போம். வெறும் வயிறு என்று சொல்லிக்கொள்ள ஒரு கூச்சம்.

போன வருஷம் யானைக்கால் நோய் வராமல் இருக்க மாத்திரை கொண்டுவந்த நர்ஸம்மாவிடமும் அதையே சொன்னோம். "வெறும் வயித்துல போடக் கூடாது. எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். "ஆச்சும்மா, ஆச்சும்மா" என்று கோரஸ் பாடிவிட்டு விழுங்கினோம். கொஞ்ச நேரத்தில், நர்ஸம்மா கண்ணெதிரிலேயே, என் வீட்டுக்காரர் வரப்பில் குந்திக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். பழி முழுக்க மாத்திரை மேல். "ஆளக் கொல்லப் பாக்குறாங்கப்பா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் மனுஷர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மாமியாரின் இடது கால் யானைக்கால். உரல் மாதிரி கனத்துக் கிடக்கிறது. அதே வீட்டில், அதே கொசுக்கடியில் வளர்ந்தவர்தானே இவர்? நாளைக்கு இவர் காலும் அப்படி ஆனால் உப்புப் பாத்தியில் யார் இறங்குவது?

இந்த வருஷமும் நர்ஸம்மா வந்தார். ஆனால் நாங்கள் சாப்பிடும் நேரம் பார்த்து, கையில் டிபன் பாக்ஸோடு. வரப்பில் எங்களோடு உட்கார்ந்து என் கருவாட்டுக் குழம்பை வாங்கி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். "போன வருஷ வாந்தில ஒரு சோத்துப் பருக்ககூட இல்லியே, அன்னிக்கே புரிஞ்சுபோச்சுங்க" என்று சிரித்தார். அவ்வளவுதான், ஒரு கடுஞ்சொல் இல்லை. நானாக இருந்தால் எல்லோரையும் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அந்தப் பொறுமையைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எல்லோரும் விழுங்கினார்கள். இவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏங்க, ஒங்கம்மா கால நெனச்சிக்கினு முழுங்குங்க" என்றேன். முறைத்துக்கொண்டே விழுங்கினார்.

சாயங்காலம் அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. உடனே நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினார். ஸ்பீக்கரில் நானும் மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நர்ஸம்மா அவரைக் கத்தி முடிக்க விட்டார்.

"பயப்படாதீங்க. காய்ச்ச மாத்திர போட்டுக்கினு படுங்க, காலைல நானே வந்து பாக்குறேன். ஒடம்புல இருக்குற யானைக்கால் புழு சாவுறப்போ இப்படிக் காய்ச்சல் அடிக்கும்ங்க."

இவர் குரல் இறங்கிவிட்டது. "அப்போ எனக்குள்ளயும் இருந்துச்சா?"

"இருந்திருக்குது. இப்போ சாவுது. வருஷா வருஷம் விடாம போட்டுக்குங்க, கால காப்பாத்திக்கலாம்."

போனை வைத்துவிட்டு இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமியார் தன் காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து வந்து அவர் நெற்றியில் கை வைத்தார்.

"அழுவாதடா, இது நல்ல காய்ச்சல். ஒன் வயசுல எனக்கு வரலியேடா."