தேசப்பனின் சின்ன வட்டங்கள்

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் தேசப்பன் திடீரென்று எழுந்துவிடுகிறான். குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்துச் சுவரில் எழுதுகிறான். ஸ, ரி, ம என்று நான்கைந்து எழுத்துகள், ஒன்றின் தலையில் புள்ளி, இன்னொன்றின் காலில் புள்ளி. பிறகு வந்து உட்கார்ந்து, விட்ட கவளத்தை எடுக்கிறான். "சுவுத்துக்கு ஊட்டியாச்சா? இப்ப வயித்துக்குப் போடு" என்று எங்கள் அம்மா கன்னியம்மா சொல்வது அவன் காதில் விழுவதில்லை.

தேசப்பன் என் தம்பி. சுதந்திரம் வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது. இப்போது இருபத்து நான்கு. ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோரும் மீன் பிடிக்கிறவர்கள். இவன் மட்டும், நாடகக் கம்பெனியில் பிடில் வாசித்த பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலைப் பிடித்துத் தொங்கியே பிடில் கற்றுக்கொண்டான். பிறர் செய்ததை வாசிப்பதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. இவன் தானே புதிதாகச் செய்கிறான். இதுவரை பதினோரு உருப்படிகள். எதிலும் வார்த்தை கிடையாது. "பாட்டு இருந்தா சனம் வார்த்தைய புட்ச்சிக்கினு பூடும்கா. பிடிலு பேசட்டும்" என்பான்.

துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுவது அவன் வேலை. கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குத் தெரியாது. இவன் உள்ளங்கையை மேலே திருப்பினால் தூக்க வேண்டும், கீழே திருப்பினால் இறக்க வேண்டும். ஒரு நாள் புது உருப்படி ஒன்று மனத்தில் ஓட, இவன் தன்னை மறந்து தாளம் போட்டுவிட்டான். தட்டுக்குக் கை கீழே, வீச்சுக்குக் கை மேலே. சர்க்கரை மூட்டைகள் அந்தரத்தில் ஏறி ஏறி இறங்கின. கிரேன்காரர் லூர்து மேலிருந்து கத்தினாராம்: "டேய் தேசு, ஏத்தறதா எறக்கறதா, ஒண்ணு சொல்லு. மூட்டைக்கு மயக்கம் வந்துகினு கீது." அன்றிலிருந்து அவனுடைய தாளம் வலது கால் கட்டைவிரலுக்கு இறங்கிவிட்டது. டிராமிலும் அது ஆடும், தூக்கத்திலும் ஆடும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்குமுன் சுவரில் உள்ளதையெல்லாம் காகிதத்தில் எடுத்தாக வேண்டும். அது என் பொறுப்பு. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். வீட்டில் தையல் வேலை செய்கிறேன். எனக்கு ராகம் தெரியாது. ஆனால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, புள்ளியைப் புள்ளி இருந்த இடத்திலேயே வைக்கத் தெரியும். மேல்புள்ளி கீழே போனால் சுரம் இரண்டு ஸ்தாயி இறங்கிவிடும் என்று அவன் சொன்ன பிறகு, ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். வாத்தியங்கள் சும்மா இருக்க வேண்டிய இடத்துக்கு அவன் ஒரு சின்ன வட்டம் போடுவான். அது அவனாக வைத்துக்கொண்ட குறி.

பதினோராவது உருப்படியில் வட்டம் அதிகம். அதன் பெயர் 'கரைவலை'. எங்கள் கரையில் வலையின் கயிற்றை வரிசையாக நின்று இழுப்பார்கள். முன்னால் நிற்பவர் ஒரு வரி பாடுவார். வரி முடிந்ததும் அத்தனை பேரும் "ஐலசா" என்று சொல்லி ஒரே இழுப்பாக இழுப்பார்கள். அந்த நடையைத்தான் செஞ்சுருட்டி ராகத்தில் நான்கு பிடில்களுக்கும் ஒரு மிருதங்கத்துக்கும் எழுதினான். எட்டுத் தட்டில் ஆறு தட்டுக்கு வாத்தியங்கள் பேசும். கடைசி இரண்டு தட்டு மௌனம், ஒரு சின்ன வட்டம். "அந்த ரெண்டு தட்லதான்கா வலை நவுருது. அத்தயும் நானே வாச்சிட்டா கேக்கறவனுக்கு இன்னா வேலை?" என்றான். ஒரு சுற்றுக்கு ஒன்று என்று இருபத்திரண்டு வட்டங்கள். நான் காலணாவை வைத்து வரைந்தேன், பெரிதாகிவிட்டது. பிறகு சட்டைப் பொத்தானை வைத்து வரைந்தேன்.

வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் சங்கரநாராயணன், அங்குள்ள சங்கீத சபைக்குச் செயலாளர். "பங்குனி விழாவுல அரை மணி தாரேன் தம்பி. நல்லா அமைஞ்சா மார்கழியில பெரிய வித்வான்களோட உனக்கும் ஒரு நாள்" என்றார். மார்கழி மேடை ஏறியவனைத்தான் ஊர் வித்வான் என்று சொல்லும். தேசப்பன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரும் சுத்தமாக இருந்தது.

கச்சேரிக்குக் கடைசி இரண்டு பெஞ்சுகளை எங்கள் ஆட்களுக்கு ஒதுக்கச் சொன்னான். கோதண்டம் மாமா, அம்மாவின் தம்பி, கரைவலையில் முன்னால் நின்று பாடுகிறவர், பன்னிரண்டு பேருடன் வந்தார். எல்லோர் சட்டையிலும் மடித்த கோடு தெரிந்தது. "அங்க குந்திகினு நாங்க இன்னா பண்ணணும் நைனா?" என்று வாசலிலேயே கேட்டார். "ஒண்ணும் பண்ண வேணாம் மாமா. சும்மா கேளு. வாயத் தொறக்காத." மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசியாக 'கரைவலை' தொடங்கியது. முதல் சுற்று. ஆறு தட்டு முடிந்ததும் மௌனம் விழுந்தது. மண்டபத்து மின்விசிறி மட்டும் கேட்டது. இரண்டாம் சுற்றில் மாமாவின் தோள் லேசாகப் பின்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் இரண்டு பெஞ்சு ஆட்களும் சாய்ந்தார்கள். நான்காம் சுற்றில் பிடில்கள் நின்றன. பதின்மூன்று குரல்களும் ஒன்றாக, ஒரு இழை பிசகாமல், "ஐலசா" என்றன.

முன்வரிசை மொத்தமும் திரும்பியது. மேடையில் தேசப்பனோடு வாசித்த பிடில்காரர் ஒருவரின் வில் நழுவிப் பிடிபட்டது. நான் தம்பியின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவன் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நிற்கவில்லை. அடுத்த சுற்றிலும் "ஐலசா". மாமா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கைக்குள்ளிருந்தும் அது வந்தது. கடைசிச் சுற்றுகளில் முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் தலையும் சரியாக அந்த இடத்தில் குனிந்து நிமிர்ந்தது. கைதட்டல் வெகு நேரம் இருந்தது.

மேடைக்குப் பின்னால் சங்கரநாராயணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "வாசிப்புல ஒரு குறை சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா இது சபையா, கடக்கரையா? மார்கழிக்கு வாரவங்க வேற மாதிரி ஆளுக. அந்தச் சத்தம் இல்லாம நடக்கும்னா திங்கக்கிழமை சுத்தப் பிரதி கொண்டு வந்து குடு. இல்லன்னா இதோட விட்டுருவோம்." தேசப்பன் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா ஒரு வஞ்சிர மீனுடன் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "மன்ச்சிக்கோ நைனா. பிடிலு நின்னதும் கையில கயிறு கீற மாதிரியே ஆயிடுச்சி. வாய் நம்ம பேச்ச கேக்கல. மார்கழிக்கு நாங்க யாரும் வர்ல. நீ நல்லாரு, அது போதும்."

தேசப்பன் சுத்தப் பிரதியைத் தரையில் விரித்துவைத்துக் குனிந்திருந்தான். நிமிராமல் கேட்டான்: "மாமா, நேத்து கத்துனீங்களே, ஏழாவது தட்லயா? ஏழு தாண்டியா?"

"தட்டா? எனுக்கு இன்னாடா தெரியும்?"

"இன்னொரு தபா சொல்லு."

மாமா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மீனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, கூச்சத்துடன் "ஐலசா" என்றார். கால் கட்டைவிரல் தரையில் தட்டியது. "ஏழுதான்" என்றான் தேசப்பன்.

பிறகு ரப்பரை எடுத்து, பொத்தான் வைத்து நான் வரைந்த வட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தான். இருபத்திரண்டையும். அழித்த இடத்தில் பென்சிலால் 'எல்லாரும்' என்று எழுதினான். சின்ன வட்டம் இருந்த இடத்தில் அந்தச் சொல் அடங்காமல் அடுத்த கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. தாளை என் பக்கம் திருப்பினான்.

"அக்கா, நாளைக்கு இத்ததான் அவராண்ட குடுக்கப்போறேன். திருப்பி எழுதிக் குடு. இந்த வார்த்தைய மட்டும் கொஞ்சம் பெர்சா எழுது."

கோடு போட நான் எடுத்த ஸ்கேலை, என் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தான்.