கீழே அடித்த எண்ணெய்

வீட்டுப் படலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நாற்பத்து மூன்று. திரும்பி வரும்போது முப்பத்தொன்று. ஆறு வாரம் எண்ணிப் பார்த்தேன். ஒன்றிரண்டு கூடும், குறையும், அவ்வளவுதான். காரின் முன்பக்கம், இடது சில்லுப் பக்கமாக, என் மனைவி கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே, யாரோ முழங்கையால் கதவை இடிப்பது போல ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூடைகளை எண்ணி எழுதுவதுதான் முப்பத்து நான்கு வருடம் என் உத்தியோகம். ஓய்வு பெற்றபின் மூடைகள் இல்லை. எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. படி, மின்கம்பம், விக்கல், எது அகப்பட்டாலும் எண்ணுவேன்.

மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் உப்புவெளியிலிருந்து நகரத்துக்குப் போய், நான்கு மணித்தியாலம் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். எட்டு மாதம் அப்படிப் போய் வந்தாயிற்று. ஏழாம் மாதத்தில்தான் இந்தச் சத்தம் தொடங்கியது. முதல் நாளே அவள் சொன்னாள்:

“இது ஒரு நாளைக்கு நடுவழியில நிக்கும். இது நிக்கிற அண்டைக்கு நானும் நிப்பாட்டிப் போடுவன்.”

“எதை?”

“ஊசி குத்திறதை. வேற எதை?”

பகிடியாகச் சொன்னாள் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நிறுத்தினால் எத்தனை நாள் என்று டொக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். பத்து நாள், கூடிப்போனால் பதினைந்து என்றிருந்தார்.

வீட்டுக்குக் கிட்ட உள்ள கராஜுக்கு நான் தனியாகக் காரைக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் கடற்கரை வீதியில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “ஒரு சத்தமும் இல்லை ஐயா. வயசு போனால் காதுக்க எல்லாம் கேக்கும்” என்றார். நான் விடவில்லை. என்னைச் சமாளிக்கச் சில்லுக்குப் பின்னால் விரல் தடிப்பான ஒரு சின்னக் கம்பியை மாற்றிவிட்டார். வியாழக்கிழமை எண்ணினேன். நாற்பத்து மூன்று. ஒன்றுகூடக் குறையவில்லை.

பிறகுதான் உள்துறைமுகக் கரையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸிடம் போனேன். மூதூர்க்காரர், காலை பஸ்ஸில் வந்து பின்னேரம் திரும்புகிறவர், ஐம்பது வயது இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மனைவியையும் வைத்துக்கொண்டு போனேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மெஷினில் ஏற முன்னும் இறங்கிய பின்னும் அவளை நிறுப்பார்கள். போகும்போது நாற்பத்தொன்பதரைக் கிலோ. உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுத்த பிறகு நாற்பத்தேழு. சத்தமும் போகும்போது கூட, வரும்போது குறைய. இதையெல்லாம் கொப்பியில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

“சேர், போற பக்கம் தண்ணிப் பைப் பதிக்க வெட்டின பள்ளம். வாற பக்கம் நல்ல காப்பெட் ரோட்டு. இதுக்கு ஏன் அம்மாவை இழுக்கிறீங்க?”

“இவருக்கு என்னை நிறுக்காட்டி நித்திரை வராது” என்று மனைவி காருக்குள் இருந்து சொன்னாள்.

பாஸ் சிரிக்கவில்லை. அவளை இருத்தியபடியே காரைக் கரையோரம் இருநூறு யார் தூரம் ஓட்டினார். நான் பின் சீற்றில். பிரேக்கை மெதுவாகப் பிடித்து விட்டார். டொக். மறுபடி பிடித்தார். டொக். இறங்கி, முன் மூலையை இரண்டு கையாலும் அமத்திக் கையை எடுத்தார். கார் ஒருதரம் எழும்பி அப்படியே நின்றது.

“எல்லாரும் சொக்கப்சோபர் எண்டுதான் சொல்லுவாங்க. அது போயிருந்தா இது துள்ளிக்கிட்டு இரிக்கணும். இது பிரேக் பிடிக்கக்குள்ள வாற சத்தம். அடியில எதோ ஆடுது.”

கராஜுக்குத் திரும்பி, அடியில் நின்று வேலை செய்ய வெட்டிய குழிக்கு மேலே காரை ஏற்றினார். மனைவியை இறக்க நான் கதவைத் திறந்தேன். ஊசி குத்திய கையில் கட்டு. அவளை இறக்குவது பெரிய வேலை.

“நீங்க அப்பிடியே இரிங்கம்மா” என்றார் பாஸ். “கனம் இருந்தாத்தான் பிழை தெரியும்.”

“என்ர கனத்துக்கும் இப்ப ஒரு பிரயோசனம்” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

குழிக்குள் ஏழு படி. நானும் இறங்கினேன். பாஸ் டோர்ச்சை என் கையில் தந்துவிட்டு, சில்லைத் தாங்கிப் பிடிக்கும் வளைந்த இரும்புக் கைக்கும் காரின் சட்டத்துக்கும் இடையில் ஒரு சின்ன அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். டொக். அவ்வளவு நாளும் நான் எண்ணிய அதே சத்தம், முகத்துக்கு ஒரு முழத்தில்.

“இந்தா இரிக்கி, சேர்.”

அந்த இரும்புக் கை சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு றப்பர் உண்டு. செருப்பின் அடிபோல இறுக்கமாக இருக்கவேண்டிய சாமான். என் விரலைப் பிடித்து அதில் வைத்து அமத்தினார். தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டு போல விரல் உள்ளே போனது. மறுமுனையில், சில்லைத் திரும்ப விடும் இரும்புக் குண்டுக்கு ஒரு றப்பர் மூடி. அது ஊதி வெடித்து, உள்ளே கடல் மணலும் கறுப்புச் சேறும். சில்லைப் பிடித்து ஆட்டினார். குண்டு தன் கிண்ணத்துக்குள் பல்லுப்போல ஆடியது.

“இது கழண்டா சில்லு மடிஞ்சி உள்ளுக்க போயிடும். இதிலதான் நீங்க அம்மாவை ஏத்தி இறக்கியிருக்கிறீங்க.” தன் விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். “இந்த எண்ணெய் ஆர் அடிக்கிற?”

“நான்தான்.”

எங்கள் கரையில் வாகனம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செய்வதுதான். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று, கழிந்த என்ஜின் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து காரின் அடியில் விசிறுவார்கள். மற்றவர்கள் மாரிக்கு முன் ஒருதரம் செய்வார்கள். நான் மாதத்துக்கு ஒருதரம். வயலுக்கு மருந்தடிக்கும் பம்பு ஒன்றை அதற்கென்றே வாங்கி, சாக்கு விரித்து அடியில் படுத்து, பதினொரு வருடம், நூற்று முப்பதுக்கு மேற்பட்ட தரம் அடித்திருக்கிறேன். ஒரு பொட்டுத் துரு கிடையாது. அதில் எனக்குப் பெருமை.

“இரும்புக்கு நல்லந்தான் சேர். றப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஊதி, அழுகி, பிஞ்சிடும். வருசத்துக்கு ஒருக்கா எண்டாத் தாங்கியிருக்கும். நீங்க தேவைக்கு மேல கவனிச்சிட்டீங்க.”

எங்கள் தலைக்கு மேலே தகடு. தகட்டுக்கு மேலே அவளுடைய கால். டோர்ச்சை அணைத்துவிட்டு நான் ஏறி வந்தேன்.

காரை அதற்கு மேல் ஓட்டக்கூடாது என்று பாஸ் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டார். சாமான் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். வியாழன் காலை வந்துவிடும் என்றார். நாங்கள் ஓட்டோவில் வீட்டுக்குப் போனோம். வழியில் அவள் இரண்டு தரம் தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுத்தாள். படலையில் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஓட்டோவில இனி ஏலாது. கார் நிண்டிட்டுது. நானும் நிண்டிட்டன்” என்றாள்.

“வியாழக்கிழமைக்குச் சரிவரும்.”

“வந்தால் பார்ப்பம்.”

அன்று பின்னேரம் கஞ்சி கொண்டுபோனபோது முகட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்கும் எண்ணெய் அடிச்சனீங்கள்தானே.”

அவளுக்கு முழங்கால் நோ. ஒருதரம் டொக்டர் எழுதித் தந்த குளிசைச் சீட்டை வைத்துக்கொண்டு, மறுபடி ஒரு டொக்டரிடமும் காட்டாமல், நானே ஒன்பது வருடம் கடையில் வாங்கிக் கொடுத்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சின்னத் தட்டத்தில் எண்ணி வைப்பேன். தனக்கு நோ இல்லை, வேண்டாம் என்று அவள் சொன்ன நாட்களிலும், விட்டால் திரும்ப வந்துவிடும் என்று நின்று விழுங்க வைத்தேன். ஒரு நாளும் தவறவில்லை. அந்தக் குளிசைதான் சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது என்று கிளினிக்கில் டொக்டர் எனக்குத் தனியாகச் சொன்னார். நான் அவளுக்குச் சொல்லவில்லை.

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. டொக்டர் உங்களைத் தனியக் கூப்பிட்டவர். வீட்ட வந்தாப்பிறகு குளிசைப் போத்திலைக் காணேல்லை. நீங்கள் பாதிப் போத்திலை எறியிற ஆள் இல்லையே.”

“கோபமோ?”

“களைப்பா இருக்கு. கஞ்சியை வையுங்கோ.”

வியாழன் விடியவே பஸ் நிலையத்துக்குப் போனேன். ஆறு மணிக்கு வரவேண்டிய கொழும்பு பஸ் ஒன்பதே காலுக்கு வந்தது. கடதாசியில் சுற்றிய பார்சலைக் கொண்டக்டர் தூக்கித் தந்தபோது அந்தக் கனத்துக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை, முழங்காலில் விழுந்தது. ஒரு மணிக்கு அவள் மெஷினில் இருக்கவேண்டும்.

இரும்புக் கை, றப்பர், குண்டு எல்லாம் ஒன்றாகவே புதிது. பாஸ் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நான் மணிக்கூட்டைப் பார்ப்பதைக் கண்டு, “மணிக்கூட்டை முறைச்சாப் புரி சுத்தாது சேர்” என்றார். முடிந்ததென்று நினைத்தேன். அவர் ஜக்கை எடுத்துச் சில்லை நிலத்தில் இறக்கினார்.

“கடைசி இறுக்கு கனத்தோடதான். அந்தரத்தில இறுக்கினா றப்பர் முறுகிடும். அம்மா இல்லத்தானே, நீங்க ஏறி இரிங்க.”

அவளுடைய இடத்தில் நான் ஏறி இருந்தேன். அந்த இருக்கையில் நான் அதற்குமுன் இருந்ததில்லை. கால் வைக்கும் விரிப்பில், குதி படும் இடம் மட்டும் தேய்ந்து குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் காலை ஊன்றியிருக்கிறாள். அடியில் பாஸ் இறுக்கிய ஒவ்வொரு சுற்றும் உள்ளங்காலில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு பத்து. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“சத்தம்?”

“இல்லை. ஒண்டும் இல்லை.”

நான் வாசலில் நின்றேன். அவளைக் கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் நிற்கவும் முடியவில்லை. எத்தனை நிமிடம் என்று எண்ணவில்லை.

“அலுமாரியில நீலச் சீலை கிடக்கு, எடுங்கோ” என்றாள். “போகாம இருக்க இனிச் சாட்டு ஒண்டும் இல்லை.”

போகும் வழியில் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே போனோம். வழக்கமாக இரண்டு தரம் இடிக்கும் மதகடியில் அவள் காலை ஊன்றுவதைக் கண்டேன். ஒரு சத்தமும் வரவில்லை. ஊன்றிய காலை அவள் ஆஸ்பத்திரி வரைக்கும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அறுபத்தொரு தரம் போனோம். நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது அறுபது தரம்.

கார் இப்போதும் முற்றத்தில் நிற்கிறது. மருந்தடிக்கும் பம்பை யாருக்கோ கொடுத்துவிட்டேன். இந்த மாரிக்குப் பிறகு குனிந்து பார்த்தேன். அவள் கால் வைத்த இடத்துக்கு நேர் கீழே தகட்டில் துரு பிடித்திருந்தது. விரலால் தட்டினேன், செதிள் செதிளாகக் கொட்டியது. மணலில் கிடந்ததைக் கூட்டி அள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.