தாட்சாயணி பிரித்துப் படித்த இங்கிலீஷ்

புத்தூர் தாட்சாயணி பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை தவறியவள். மூன்றாம் முறை படிக்கும்போதுதான், அட்டை கிழிந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் லத்தீன் மூலம் போட்டிருப்பதைக் கவனித்தாள். ‘போர்ட்’ என்றால் சுமப்பது. முன்னால் ‘எக்ஸ்’ வந்தால் வெளியே, ‘இம்’ வந்தால் உள்ளே, ‘டிரான்ஸ்’ வந்தால் இங்கிருந்து அங்கே. ஒரு வேரைப் பிடித்தால் பத்துச் சொல் கூடவே வந்தன. அப்புறம் எவ்வளவு நீளமான சொல்லைக் கண்டும் அவள் மலைக்கவில்லை. தேர்வில் தேறினாள், தட்டச்சு பழகி, சித்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் சேர்ந்தாள்.

ஆந்திர மாநிலம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு சூடாக இருந்த நேரம். நகரிப் பக்கத்து விவசாயி செங்கல்வராயன் மனு எழுதிக்கொள்ள வந்தார். அவர் ஊர் நிலமெல்லாம் பக்கத்து ஊர் ஏரித் தண்ணீரில் விளைந்தது. இரண்டு ஊரையும் பிரித்துவிடக் கூடாது என்பதே கோரிக்கை.

தலைமைக் குமாஸ்தா தணிகாசலம் எழுதித் தந்ததைத் தட்டிக்கொண்டே வந்த தாட்சாயணி ஓரிடத்தில் நிறுத்தினாள். எங்கள் ஊர் அந்த ஊருக்கு ‘கன்டேஜியஸ்’ என்றிருந்தது.

“சார், இது அம்மை நோட்டீஸ்ல வர்ற சொல்லு. நமக்கு வேண்டியது ‘கன்டிக்யுவஸ்’, ஒட்டினாப்பல இருக்கறதுன்னு அர்த்தம்.”

“எல்லாத்தியும் வேர் வேரா பிரிச்சிக்கினு இருப்பியேம்மா! இதையும் பிரி, பாக்கலாம்.”

பிரித்தாள். ‘கன்’ என்றால் சேர்ந்து, மிச்சமிருந்த பாதிக்குத் தொடுவது என்று பொருள். இரண்டு சொல்லுக்கும் அதே வேர்! தணிகாசலம் சிரித்தார். அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை, அகராதியை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

“வேர் ஒண்ணுதான் சார். நெலம் தொட்டுக்கினு இருந்தா ஒரு சொல்லு, நோய் தொத்திக்கினா வேற சொல்லு. ரெண்டையும் பாருங்க.”

“இன்னாம்மா எழுதிக்கீது?” என்றார் செங்கல்வராயன்.

“உங்க ஊரு பக்கத்து ஊருக்கு ஒட்டுவாரொட்டின்னு எழுதிக்கீது, அண்ணா.”

“அடப்பாவி! அப்புறம் எங்கள யாரு சேத்துக்குவாங்க?” என்று அவர் போட்ட சிரிப்பில் தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தம் கையாலேயே அடித்துத் திருத்தினார். அதற்குப்பின் எந்த மனுவும் அவள் பார்க்காமல் வெளியே போனதில்லை.

எல்லை முடிவானபோது அந்த இரண்டு ஊரும் ஒரே பக்கம் இருந்தன. அந்த மனுவால்தானா என்பது யாருக்கும் தெரியாது. சில வருஷம் கழித்துத் தாட்சாயணி திருப்பதியில் சொந்தமாகத் தட்டச்சுப் பள்ளி வைத்தாள். தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் வந்தார்கள். வேர் பிரித்துக் காட்டிய கையோடு, அந்தச் சொல் வரும் வாக்கியம் ஒன்றையும் வாசிக்க வைக்காமல் அவள் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.