இருபத்தாறு சென்டிமீட்டர் நீலம்

மீன் இறங்குதளத்தில் அவளை எல்லோரும் 'அளவுக்கார அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மீன்வள அலுவலகத்தின் தற்காலிக ஊழியர். பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. கிளிமீனைப் பலகையில் கிடத்தி நீளம் அளப்பாள், நிறத்தைக் குறிப்பாள், வயிற்றைக் கீறி உள்ளே முட்டைப் பையா விந்துப் பையா என்று பார்ப்பாள்.

அந்தக் கடலின் கிளிமீன் பெண்ணாகத்தான் வளரும். மங்கிய செம்பழுப்பு, ஒடுங்கிய உடம்பு. கூட்டத்தின் ஆண் போய்விட்டால், பெண்களில் பெரியது ஆணாக மாறும். உடம்பு நீலப்பச்சையாகும், நெற்றி புடைக்கும், அதன்பின் மளமளவென்று வளரும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த நீல மீனைப் பார்த்ததே இல்லை.

ஒரு காலை பலகையில் கிடந்த நீல மீன் இருபத்தாறுதான் இருந்தது. நெற்றி புடைக்கவில்லை. கீறினாள், விந்துப் பை. அன்று மட்டும் அப்படிப் பதினோரு மீன்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றான் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. படகிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்தபடி மூழ்கி ஈட்டியால் மீன் குத்துகிறவன்.

"பிஞ்சிலேயே பழுக்குதுடா. பெரிசையெல்லாம் நீங்க குத்திட்டீங்க, சின்னதே ஆணா மாறிடுது. அப்புறம் முட்டை போட யாரு இருக்கா? நீலத்தைக் கொஞ்ச நாள் விட்டு வையேன்."

"நான் விட்டா பக்கத்துப் படகுக்காரன் விடுவானா?"

அதிகாரியிடம் போனாள். "பலகையில கோடு தேஞ்சிருக்கும்மா," என்றார் அவர். புதுப் பலகையும் இருபத்தாறையே காட்டியது. அந்த மாதத்து அளவுகளை அவர் அறிக்கையில் சேர்க்கவில்லை.

இரண்டு வருஷத்தில் இருபத்தாறு இருபத்திரண்டானது. பிறகு ஒருநாள் தம்பி நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீலம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். நெற்றி கைமுட்டி மாதிரி புடைத்திருந்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் இருக்கா இது? எங்கடா பிடிச்சே?"

"கடலடிப் பாறை மேட்டுக்கு அந்தப் பக்கம், நல்ல ஆழம். நாளைக்கும் கொண்டாரேன்."

போகாதே என்று அவள் சொல்லவில்லை. இன்னொன்றை அளக்க வேண்டும் என்றிருந்தது.

மறுநாள் ஆழத்தில் இருக்கும்போதே காற்றுக்குழாய் மடங்கிவிட்டது. மூச்சு முட்டி ஒரே எம்பாக மேலே வந்தான். ஆழத்திலிருந்து அப்படிச் சட்டென்று ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பைக் கெடுத்துவிடும். படகில் ஏறியபோது பேசினான். கரைக்கு வருவதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. மருத்துவர்கள் பார்த்தார்கள். காலுக்கு உணர்வு திரும்பவில்லை.

நீல மீன் குத்தத் தடை வந்தபோது மேலும் நான்கு வருஷம் ஓடியிருந்தது. குத்துவதற்கு மீனும் இல்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இப்போது முழுநேரமும் வீட்டில்தான். ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது தம்பி சொன்னான்: "நீ போகாதேன்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன்க்கா."

"தெரியும்டா," என்றாள். அவள் அதை நம்பவில்லை. முதுகில் புண் வராமலிருக்க அவனை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்தாள்.